பேரண்ட்ஸ் கடலில் கோட் மீனை எப்படி எண்ணுகிறார்கள்? 10 லட்சம் டன் எங்கே போனது?

நெல்லியடியான் எழுதியது:

லண்டனுக்கு வெளியே மீன் சிப்ஸ் கடை நடத்தும் மச்சான் ஒருவருக்கு இந்தக் கிழமை முழுக்க ஒரே புலம்பல். கோட் விலை ஏறுகிறது, அதன் பின்னாலேயே ஹாடக் மீனும் ஏறுகிறது, வாடிக்கையாளருக்குப் பதில் சொல்ல முடியவில்லை என்கிறார். ஏன் என்று தேடிப் பார்த்தேன். நோர்வேயும் ரஷ்யாவும் சேர்ந்து, தங்களுக்கு வடக்கே இருக்கும் பேரண்ட்ஸ் கடலுக்கு வைக்கும் கோட் கோட்டா, அதாவது ஆண்டுக்குப் பிடிக்கலாம் என்ற அளவு, 2013-ல் 10 லட்சம் டன். 2025-க்கு 3,40,000 டன். 1991-க்குப் பிறகு அதுவரை அவ்வளவு குறைவாக இருந்ததே இல்லையாம்.

உலகிலேயே ஒழுங்காகக் கண்காணிக்கப்படும் மீன்வளம் என்று இதைத்தானே காலம்காலமாகப் புகழ்ந்தார்கள்? அப்படியென்றால் மூன்றில் இரண்டு பங்கு எப்படிக் காணாமல் போகும்? கடலுக்கு அடியில் ஓடும் மீனை யார் எண்ணுகிறார்கள், எதை வைத்து எண்ணுகிறார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

எதிர்க்கேள்வி எழுதியது:

யாரும் எண்ணுவதில்லை. கப்பலில் போய்ப் பதினைந்து நிமிடம் வலை இழுக்கிறார்கள், வந்ததைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பெருக்குகிறார்கள், அமைச்சர் கையெழுத்து போடுகிறார். 16 லட்சம் சதுர கிலோமீட்டர் கடலுக்குப் பதினைந்து நிமிட வலை!

---

கடலளவி எழுதியது:

@எதிர்க்கேள்வி பதினைந்து நிமிடம் என்பது சரிதான். அதைக் கிண்டலாகச் சொல்லிவிட்டீர்கள், ஆனால் விஷயமே அதில்தான் இருக்கிறது. மீன்வள ஒலியியல் படித்தவன் என்ற முறையில் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த வலை மொத்த மீனையும் எண்ணுவதற்காகப் போடுவது இல்லை. போன வருடத்தைவிட இந்த வருடம் கூடியதா குறைந்ததா என்று பார்ப்பதற்குத்தான். அதனால் எதையும் மாற்றக் கூடாது. 1981 முதல் ஒவ்வொரு குளிர்காலத்திலும், பிப்ரவரி மார்ச்சில், பேரண்ட்ஸ் கடலில் ஒரு கணக்கெடுப்பு நடக்கிறது. கேம்பலன் என்ற பொடிக்கண் இறால் வலையை மூன்று நாட் (மணிக்குச் சுமார் ஐந்தரை கிலோமீட்டர்) வேகத்தில், குறித்த நேரம் இழுப்பார்கள். ஆழம் கூடினால் வலையின் வாய் அகலமாகிவிடும், அப்போது மீன் அதிகம் விழும். அதைத் தடுக்க வலையை இழுக்கும் இரண்டு கம்பிகளுக்கு நடுவில் ஒரு கயிறு கட்டிவிடுகிறார்கள். ஆழம் எதுவானாலும் வாய் அகலம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். மீன் பிடிக்கப் போகிறவன் யாராவது தன் வலையைத் தானே கட்டிப்போடுவானா? இவர்கள் கட்டுகிறார்கள்.

1989-ல் வலையின் அடிப்பகுதியை மாற்றினார்கள். பழைய உருளைகளுக்கு அடியில் சின்ன கோட் நழுவிப் போய்க்கொண்டிருந்தது. புதிய ரப்பர் தட்டு அடியைப் போட்டதும் குஞ்சுகள் கூடுதலாகச் சிக்கின. விவரம் தெரியாதவர் பார்த்தால் அந்த ஆண்டு மீன் பெருகிவிட்டது என்று எழுதியிருப்பார். இவர்கள் பழைய ஆண்டுக் கணக்குகளைத் திருத்தி எழுதினார்கள்.

வலையோடு எக்கோ சவுண்டரும் ஓடும், ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்கும் கருவி அது. கோட் மீனின் வயிற்றில் இருக்கும் காற்றுப்பைதான் ஒலியைத் திருப்பி அனுப்புகிறது. 1935-ல் ஆஸ்கர் சுண்ட் என்ற நார்வே விஞ்ஞானி வடக்கு நார்வேயின் லோஃபோட்டன் தீவுகளுக்குப் பக்கத்தில் கோட் கூட்டத்தின் எதிரொலியைக் காகிதத்தில் பதிந்து நேச்சர் இதழில் வெளியிட்டார். இந்தத் துறைக்கு அதுதான் பிள்ளையார் சுழி. ஆனால் தரையை ஒட்டிப் படுத்திருக்கும் மீனின் எதிரொலி தரையின் எதிரொலியோடு கலந்துவிடும், பிரிக்க முடியாது. தரைக்கு வலை, மேலே ஒலி என்று இரண்டையும் வைத்திருப்பது அதனால்தான்.

---

வார்டோ குமரன் எழுதியது:

நெல்லியடியான் அண்ணை, நான் நோர்வேயின் வடகோடியில், ஃபின்மார்க்கில், மீன் தொழிற்சாலையில் வேலை செய்தவன். அந்தக் காலத்தில் வார்டோ, வாட்ஸோ, பாட்ஸ்ஃபியூர்ட், ஹொன்னிங்ஸ்வோக் என்று கரையோரம் எந்தத் தொழிற்சாலைக்குள் நுழைந்தாலும் மீனை முள் நீக்கி வெட்டும் ஃபிலே மேசையில் நாலு தமிழ் முகம் நிற்கும். உள்ளூர் இளசுகள் அந்த வேலைக்கு வர மாட்டார்கள், நாங்கள் வந்தோம்.

கோட்டா என்பது எங்களுக்குச் சம்பளம்தான். மீன் வராத கிழமையில் தற்காலிகமாக வேலைக்கு வர வேண்டாம் என்ற கடிதம் கையில் வரும், அரசாங்கப் பணத்தில் வீட்டில் இருக்க வேண்டும். 1990களில் எங்கள் தொழிற்சாலைக்குப் பெரும்பாலும் ரஷ்ய இழுவைக் கப்பல்கள்தான் கோட் கொண்டுவந்து இறக்கின. கடலை இரண்டு நாடும் பிரித்து வைத்திருந்தாலும் மீன் வந்து சேர்ந்தது எங்கள் கத்திக்குத்தான்.

ஒரு விஷயம். ஆராய்ச்சி நிலையத்துக்காக மீனை அளக்க ஆட்கள் வருவார்கள். தலையைக் கீறிக் காதுக்குள் இருந்து சின்ன வெள்ளைக் கல் எடுத்து உறையில் போடுவார்கள். எங்களோடு வேலை செய்த ஒரு மாமி அதை ஏதோ வைத்தியத்துக்கு என்றே கடைசி வரை நம்பினார்.

---

கடலளவி எழுதியது:

@வார்டோ குமரன் அது செவிக்கல். குறுக்கே வெட்டினால் வளையம் தெரியும், ஆண்டுக்கு ஒன்று. அதை எண்ணினால் மீனின் வயது. நார்வேயின் பெர்கன் ஆய்வாளர்களும் ரஷ்யாவின் மூர்மன்ஸ்க் ஆய்வாளர்களும் கற்களை மாற்றிக்கொண்டு, ஒருவர் படித்த வயதை மற்றவர் படித்துச் சரிபார்ப்பார்கள். அந்தக் கல்லிலேயே கரையோர கோட் எது, பேரண்ட்ஸ் கடலிலிருந்து முட்டையிட வரும் கோட் எது என்றும் முதல் இரண்டு வளையங்களின் வடிவத்தை வைத்துப் பிரிக்கிறார்கள். 1930களிலேயே ரோலெஃப்ஸன் என்பவர் கண்டுபிடித்த வழி.

வயது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், மீன்வளத்தின் ஏற்ற இறக்கம் பெரும்பாலும் எந்த ஆண்டில் குஞ்சுகள் பிழைத்தன என்பதைப் பொறுத்தது. நார்வே விஞ்ஞானி யோஹன் ஹியோர்ட் 1914-லேயே இதை எழுதிவிட்டார். ஒரு நல்ல ஆண்டில் பிறந்த கூட்டம் பத்து வருடம் சோறு போடும். 2013-ன் 10 லட்சம் டன்னுக்குப் பின்னால் இருந்தது 2004, 2005-ல் பிறந்த இரண்டு பெரிய கூட்டங்கள். கடலும் சூடாகி, கோட் வடக்கே பனி விளிம்பு வரைக்கும் பரவி மேய்ந்தது. அந்தக் கூட்டங்கள் வயதாகிப் போயின. பின்னால் வந்தவை அந்த அளவுக்கு இல்லை, கடைசிச் சில ஆண்டுகளில் பிறந்தவை சராசரிக்கும் கீழே. அதாவது மீன் திடீரென்று காணாமல் போகவில்லை. குறைவது ஒவ்வொரு குளிர்காலக் கணக்கெடுப்பிலும் தெரிந்துகொண்டேதான் இருந்தது.

---

எதிர்க்கேள்வி எழுதியது:

தெரிந்துகொண்டே இருந்தது என்றால் ஏன் பிடித்துக்கொண்டே இருந்தார்கள்? 2021-ல் 8,85,600 டன். அப்புறம் 7,08,480. அப்புறம் 5,66,784. அப்புறம் 4,53,427. பாருங்கள், ஒவ்வொன்றும் முந்தையதில் சரியாக 80 விழுக்காடு. மீன் இப்படி அளவாக 20 விழுக்காடு 20 விழுக்காடாகக் குறையுமா? இது மீனின் கணக்கு இல்லை, அலுவலகத்தின் கணக்கு.

---

கடலளவி எழுதியது:

கவனித்தது நல்லது. ஆண்டுக்கு ஆண்டு கோட்டா 20 விழுக்காட்டுக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது என்று இரண்டு நாடும் விதி வைத்திருக்கின்றன. குமரன் அண்ணா சொன்ன தொழிற்சாலைகள் ஒரே வருடத்தில் பாதி மீனோடு தவிக்கக் கூடாது என்பதற்காக. முட்டையிடும் மீனின் அளவு 4,60,000 டன் என்ற எல்லைக்குக் கீழே இறங்கும்வரைதான் 20 விழுக்காடு என்ற அந்த மெத்தை இருக்கும். 2025-க்குக் குறைத்தது 25 விழுக்காடு, மெத்தை போய்விட்டது. அறிவியல் பரிந்துரை இன்னும் கீழே இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இரண்டு நாடுகளின் கூட்டு ஆணையம் 3,40,000-ல் நிறுத்தியது.

உங்கள் கேள்வியில் நியாயம் இருக்கும் இடம் வேறு. 2016-ல் விதியைத் திருத்தி, முட்டையிடும் மீன் மிக அதிகமாக இருந்தால் பிடிக்கும் விகிதத்தையும் கூட்டலாம் என்றார்கள். மீன்பிடியால் வரும் இறப்பு வீதத்தைச் சாதாரணமாக 0.4 ஆக வைப்பார்கள், அது 0.6 வரை போகலாம். நெரிசலில் கோட் தன் குஞ்சுகளையே தின்கிறது, தன் இரையான கேப்லின் என்ற சின்ன மீனையும் காலி செய்கிறது, அதனால் கொஞ்சம் கூடுதலாக எடுப்பது தவறில்லை என்பது வாதம். வாதம் பொய்யில்லை. ஆனால் நல்ல காலத்தில் சேர்ந்த இருப்பை நல்ல காலத்திலேயே செலவழிக்க அனுமதி கொடுத்தார்கள். அளந்தவர்கள் ஒழுங்காகத்தான் அளந்தார்கள். பேராசை இருந்தது என்றால் அது விதியில், அந்த விதி இரண்டு அரசுகளும் உட்கார்ந்து பேசி எழுதியது.

---

மார்த்தாண்டம் விஜயன் எழுதியது:

நம் ஊர் 61 நாள் தடைக்காலத்தோடு இதை ஒப்பிட்டு யாராவது எழுதுவீர்களா?

---

மட்டுறுத்துநர் எழுதியது:

விஜயன், தடைக்காலத்துக்குத் தனி இழை இருக்கிறது. போன தடவை அது இங்கே நுழைந்தபோது கோட் மீன் கரைக்கு ஒதுங்கிவிட்டது. அங்கே எழுதுங்கள்.

---

சிறகுக்கணக்கு எழுதியது:

மீனை மட்டும் பார்த்தால் கதை பாதிதான். நான் பறவைக்காரன், என் பக்கமிருந்து சொல்கிறேன்.

1986-க்கும் 1987-க்கும் நடுவில் பேரண்ட்ஸ் கடலின் மேற்கு ஓரத்தில் இருக்கும் பியர் தீவில் கூடு கட்டும் கில்லிமாட் பறவைகள் ஒரே ஆண்டில் 80 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தன. பாறை விளிம்பில் தோளோடு தோள் இடித்து நிற்கும் பறவைகள் அவை. அதே குளிர்காலங்களில் ஹார்ப் சீல்கள் கூட்டம் கூட்டமாக நோர்வேக் கரைக்கு வந்தன. மீனவர் வலையில் சிக்கிப் பல்லாயிரக்கணக்கில் செத்தன. பறவைக்கும் சீலுக்கும் என்ன நடந்தது? கேப்லின் இல்லை. விரல் நீள மீன் அது, கோட், சீல், திமிங்கிலம், பறவை எல்லாம் அதை நம்பித்தான் இருக்கின்றன. 1983-ல் பிறந்த ஹெர்ரிங் கூட்டம் பேரண்ட்ஸ் கடலுக்குள் வந்து கேப்லினின் நுண்குஞ்சுகளைத் தின்றது, கோட்டும் தின்றது, மேலே மீன்பிடியும் நடந்தது. கேப்லின் சரிந்தது.

யாராவது கேட்டால் நான் சொல்வது இதுதான்: பறவையையும் எண்ணுங்கள். வலைக்கு எட்டாதது பல நேரம் பறவையின் அலகில் தெரியும். வார்டோவுக்கு எதிரில் இருக்கும் ஹோர்னோயா தீவில் இப்போதும் ஆண்டுதோறும் எண்ணுகிறார்கள். 2005-ல் தொடங்கிய சீபாப் என்ற கடற்பறவைக் கண்காணிப்புத் திட்டத்தில் நோர்வேக் கரை முழுக்க, ஸ்வால்பார்ட் உட்பட, குறித்த கூட்டங்களை எண்ணுகிறார்கள், குஞ்சு பிழைத்ததா, தாய்ப்பறவை திரும்பி வந்ததா, என்ன கொண்டுவந்து ஊட்டுகிறது என்று பார்க்கிறார்கள். காலில் மிகச் சின்ன ஒளிப்பதிவுக் கருவி கட்டி, சூரியன் உதிக்கும் மறையும் நேரத்தை வைத்துப் பறவை குளிர்காலத்தை எந்தக் கடலில் கழித்தது என்றும் கண்டுபிடிக்கிறார்கள். 2023 கோடையில் வாட்ஸோ பக்கம் பறவைக் காய்ச்சலில் கிட்டிவேக் என்ற கடற்பறவைகள் ஆயிரக்கணக்கில் செத்து விழுந்தன. முன்பிருந்தே கணக்கு இருந்ததால்தான் எவ்வளவு போனது என்று பேசவாவது முடிகிறது.

---

வார்டோ குமரன் எழுதியது:

சீல் வந்த கதையை வயதான மீனவர்கள் எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். வலையை இழுத்தால் மீனுக்குப் பதில் சீல். சீல் என்றாலே அவர்களுக்கு வாயில் நல்ல வார்த்தை வராது.

---

கடலளவி எழுதியது:

@சிறகுக்கணக்கு அந்தச் சரிவுக்கு அப்புறம்தான் இங்கே அறிவியல் பெரிதாக மாறியது. 1984 முதலே நார்வேயும் ரஷ்யாவும் கோட் மீனின் வயிற்றைத் திறந்து, உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரே பதிவேட்டில் எழுதி வந்தன. நாறும் வேலை, அலுப்பான வேலை. ஆனால் ஒரு கோட் கூட்டம் ஆண்டுக்கு எத்தனை டன் கேப்லின் தின்னும் என்று அதை வைத்துத்தான் கணக்கிட முடிகிறது. இன்று கேப்லின் கோட்டா போடும் விதி இப்படி: முதலில் கோட் தின்னப்போவதைக் கழித்துவிட வேண்டும். அதற்குப் பிறகும் முட்டையிட வரும் கேப்லின் 2 லட்சம் டன்னுக்கு மேல் மிஞ்சுவதற்கு 95 விழுக்காடு வாய்ப்பு இருக்க வேண்டும். மிஞ்சாது என்றால் கோட்டா பூஜ்யம். 1994-98, 2004-08 காலங்களில் மூடியே வைத்திருந்தார்கள். கேப்லின் பெரும்பாலும் ஒரு முறை முட்டையிட்டதும் செத்துவிடும், அதனால் இலையுதிர்காலத்தில் ஒலிக் கணக்கெடுப்பில் பார்த்ததுதான் கையிருப்பு.

சீல் விஷயத்தில், ரஷ்யாவின் வெள்ளைக் கடல் பனியில் குட்டி போடும் காலத்தில் ரஷ்யர்கள் விமானத்தில் பறந்து படம் எடுத்துக் குட்டிகளை எண்ணுவார்கள். வெள்ளைக் குட்டி, வெள்ளைப் பனி, அதனால் வெப்பப் படமும் எடுப்பார்கள். 2004-க்குப் பிறகு குட்டிகள் வெகுவாகக் குறைந்தன. மிங்கி திமிங்கிலத்துக்கு வேறு வழி. ஒரே கப்பலில் இரண்டு மேடை, இரண்டு குழு, ஒருவர் பார்த்தது மற்றவருக்குத் தெரியாது. முதல் குழு பார்த்ததில் எத்தனையை இரண்டாவது குழு தவறவிட்டது என்று பார்த்தால், இரண்டு பேருமே தவறவிட்டது எவ்வளவு இருக்கும் என்று ஊகிக்கலாம். ஆறு வருடத்தில் வடகிழக்கு அட்லாண்டிக் முழுதையும் பகுதி பகுதியாக முடிக்கிறார்கள்.

---

எதிர்க்கேள்வி எழுதியது:

சரி, அளக்கிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். கனடாக்காரனும் அளந்தான். நியூஃபவுண்ட்லாந்தில் 1992 ஜூலை 2-ம் தேதி கோட் பிடிப்பதை மூடினான், சுமார் 30,000 பேருக்கு வேலை போனது. அங்கே என்ன ஆனது உங்கள் ஒழுங்கான அளவை?

---

கடலளவி எழுதியது:

அங்கே ஆராய்ச்சிக் கப்பலின் கணக்கோடு வணிக இழுவைக் கப்பல்களின் பிடிப்பையும் நம்பினார்கள். கோட் குறையக் குறைய மிச்சம் இருப்பது ஓரிடத்தில் கூடும், நல்ல கருவி உள்ள கப்பல் நேராக அங்கே போகும். ஒரு மணி நேரத்துக்குப் பிடித்த மீன் குறையவே இல்லை, கடலில்தான் மீன் இல்லை. ஆராய்ச்சிக் கப்பலோ மீன் இருக்கும் இடத்தைத் தேடிப் போகாது. முன்பே குறித்த புள்ளியில் வலை போடும், காலியாக வந்தால் காலி என்றே எழுதும். அந்தக் காலி வலைகளுக்குத்தான் நான் மதிப்புக் கொடுப்பேன்.

பேரண்ட்ஸிலும் தப்பித்தது மயிரிழையில்தான். 1989 ஏப்ரல் 18-ல் கரையோரப் படகுகளை நடுப்பருவத்தில் நிறுத்தினார்கள். லோஃபோட்டனில் படகு கட்டிப் போட்ட அந்த நாளை வடக்கு நார்வேயில் இன்னும் மறக்கவில்லை. மறு ஆண்டு கோட்டா இன்னும் கீழே போனது. ஆனால் இளங்கூட்டம் பிழைத்தது, நாலைந்து வருடத்தில் கோட் திரும்பியது. 1987-லேயே கோட், ஹாடக் இரண்டையும் கடலில் திருப்பிக் கொட்டத் தடை வந்திருந்தது. பிடித்ததில் சிறிய மீன் ஒரு அளவைத் தாண்டினால் அந்தப் பகுதியையே உடனே மூடுவார்கள், பெரிதானதும் திறப்பார்கள்.

---

வார்டோ குமரன் எழுதியது:

கள்ளக் கணக்கையும் சொல்லுங்கள் தம்பி. 2000களின் நடுப்பகுதியில் கடலிலேயே கப்பல் மாற்றி ஏற்றி, நேராக ஐரோப்பியத் துறைமுகங்களுக்குப் போன கோட் பற்றி ஃபின்மார்க்கில் எல்லோருக்கும் தெரியும். எங்கள் தொழிற்சாலை மீனில்லாமல் மூடிக் கிடக்கும், ஹொலண்டில் கோட் கொட்டிக் கிடக்கும்.

---

கடலளவி எழுதியது:

ஆமாம். நார்வேயின் மதிப்பீட்டில் 2005 வாக்கில் ஆண்டுக்கு ஒரு லட்சம் டன்னுக்கும் மேல் கோட்டாவுக்கு வெளியே போனது. எவ்வளவு எடுத்தோம் என்றே தெரியாவிட்டால் எவ்வளவு மிச்சம் என்ற கணக்கு எங்கே நிற்கும்? 2007-ல் துறைமுகக் கட்டுப்பாடு வந்தது. கப்பலின் கொடி நாடு உறுதி செய்யாமல் ஐரோப்பியத் துறைமுகத்தில் உறைமீன் இறக்க முடியாது என்று ஆக்கினார்கள். இரண்டு வருடத்தில் கள்ள மீன் ஏறக்குறைய இல்லாமல் போனது. கடலில் துரத்திப் பிடித்ததைவிட, இறக்கும் இடத்தில் கேட்ட ஒரு காகிதம் அதிகம் சாதித்தது என்பது என் கணிப்பு.

---

நெல்லியடியான் எழுதியது:

உக்ரைன் போர் தொடங்கிய பிறகும் நோர்வேயும் ரஷ்யாவும் சேர்ந்து அளக்கின்றனவா? அதை யாரும் சொல்லவில்லையே.

---

கடலளவி எழுதியது:

இப்போது எனக்குக் கவலை தருவது அதுதான். 2022 மார்ச்சில் சர்வதேச கடல் ஆய்வு மன்றமான ஐசிஇஎஸ் ரஷ்யாவை ஒதுக்கி வைத்தது. அதுவரை கோட் பரிந்துரை அங்கேதான் எழுதப்பட்டது. இப்போது நார்வே ரஷ்ய விஞ்ஞானிகள் தனியாக ஒரு குழுவாக உட்கார்ந்து எழுதுகிறார்கள். 1976-ல் முதல் கூட்டம் நடத்திய கூட்டு ஆணையம் மட்டும் நிற்கவில்லை. பனிப்போர் காலத்தில் தொடங்கியது அது, கோட்டாவைப் பாதிப்பாதியாகப் பிரித்து மூன்றாம் நாடுகளுக்கு ஒரு பங்கு ஒதுக்கும் ஏற்பாடும் அப்படியே இருக்கிறது. ரஷ்ய மீன்பிடிக் கப்பல்கள் நார்வேயில் ட்ரோம்ஸோ, கிர்க்கெனெஸ், பாட்ஸ்ஃபியூர்ட் மூன்று துறைமுகங்களுக்கு மட்டுமே வரலாம்.

கடலில் என்ன ஆகும் என்றால், சின்ன கோட் நிறைய இருப்பது கிழக்கே, ரஷ்யப் பகுதியில். பெரியது முட்டையிட வருவது மேற்கே, நார்வே கரைக்கு. அதனால் ஒரு நாடு மட்டும் அளந்தால் முழுமையாகாது. 1997, 1998-ல் நார்வேக் கப்பல்களுக்குக் கிழக்கே அனுமதி கிடைக்கவில்லை, அந்த இரண்டு ஆண்டுக் குளிர்காலக் கணக்கு இன்றும் ஓட்டையோடுதான் இருக்கிறது. இனி அப்படி ஒரு ஓட்டை விழுந்தால், இளங்கூட்டம் நன்றாக வந்ததா இல்லையா என்று மூன்று நான்கு வருடம் கழித்து வலையில் விழும்போதுதான் தெரியும்.

---

எதிர்க்கேள்வி எழுதியது:

ரஷ்யன் கொடுக்கும் எண்ணை எப்படி நம்புவது?

---

கடலளவி எழுதியது:

கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். செவிக்கல்லை மாற்றிப் படிக்கிறார்கள், வயிற்றுப் பதிவேடு பொது, ஒரே மாதிரி வலை. ஒருவர் பொய் எழுதினால் வயதுக் கூட்டங்கள் அடுத்தடுத்த ஆண்டுகளில் பொருந்தாது. இந்த வருடம் மூன்று வயதுக் கூட்டம் என்று காட்டியது அடுத்த வருடம் நான்கு வயதாக வர வேண்டும் அல்லவா? வராவிட்டால் இரண்டு பக்கமும் கேள்வி கேட்கும். 2000 முதல் நார்வேயில் குறிப்புப் படகுகள் என்று ஒன்றும் இருக்கிறது. மீனவர்களுக்கே பணம் கொடுத்துத் தங்கள் பிடிப்பை அளந்து, கல் எடுத்து அனுப்பச் சொல்கிறார்கள். அதுவும் ஒரு தனிச் சாட்சி.

---

நெல்லியடியான் எழுதியது:

அப்போ மச்சானுக்கு என்ன சொல்ல? எப்போது இறங்கும் விலை?

---

கடலளவி எழுதியது:

விலையை நான் சொல்ல முடியாது. கோட் பேரண்ட்ஸ் கடலில் முட்டையிடும் பருவத்துக்கு வர ஏழு எட்டு வருடம் ஆகும். இந்தக் குளிர்காலம் கணக்கெடுப்பில் ஒரு வயதுக் குஞ்சுகள் நிறைய வந்தாலும், கடை அடுப்புக்கு வர இன்னும் நான்கைந்து வருடம். அடுத்த ஆண்டுக் கோட்டாவுக்கான பரிந்துரை கோடையின் தொடக்கத்தில் வரும், ஆணையம் வழக்கமாக இலையுதிர்காலத்தில் கூடி முடிவு செய்யும். மச்சானை அதுவரை கோட்டின் உறவான சைத் மீனை மெனுவில் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

---

வார்டோ குமரன் எழுதியது:

சைத் நல்ல மீன்தான், சதை கொஞ்சம் சாம்பல் நிறம். மாவில் முக்கிப் பொரித்தால் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் பலகையில் சைத் என்றே எழுதச் சொல்லுங்கள் அண்ணை.